இரு மொழியில் மருத்துவம்: முத்துக்கரை முதல் மானிப்பாய் வரை

1544-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஒரு கடிதம் கைமாறியது. எழுதியவர் பிரான்சிஸ் சவேரியார். பெற்றவர் அவருக்குத் துணையாக அதே கரையில் பணிபுரிந்த மான்சிலாஸ் என்பவர். கடிதத்தில் ஒரு திருத்தம் இருந்தது. விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் சொல்லும்போது "எனக்கு வேணும்" என்று சொல்லிவருகிறீர்கள். இனி அதை விட்டு "விசுவசிக்கிறேன்" என்று சொல்லுங்கள். "வேணும்" என்றால் விரும்புகிறேன் என்று பொருள், "விசுவசிக்கிறேன்" என்றால்தான் நம்புகிறேன் என்று பொருள் என்பதே அத்திருத்தம்.

இப்பிழை எப்படி நேர்ந்தது என்று பார்ப்போம். சவேரியார் 1542-ஆம் ஆண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு தெரிந்த உள்ளூர் மக்கள் சிலரைக் கூட்டி, பல நாள் உழைத்து, மன்றாட்டுகளைத் தமிழாக்கினார். அதை மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சென்று சொல்லிக்கொடுத்தார். மொழிபெயர்த்தவர்கள் அறியாமையால் செய்தார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. "வேணும்" என்பது நல்ல தமிழ்ப் பேச்சு வழக்கு. எல்லாருக்கும் தெரிந்த சொல். வாக்கியமும் இலக்கணப்படி சரியானது. கேட்டவர் எவரும் திடுக்கிட்டிருக்கமாட்டார்கள். அதனாலேயே அந்தப் பிழை ஓராண்டுக்கு மேல் கண்ணில் படாமல் இருந்தது எனலாம்.

பௌதிகம் கற்பிக்கும் ஒருவன் சமய வரலாற்றிலிருந்து தொடங்குவதேன் என்று வாசகர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. இன்று தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், ஒரு பக்கம் ஆங்கிலமும் மறு பக்கம் தமிழுமாக நோய் விளக்கங்கள், மருந்துக் குறிப்புகள், உணவு அட்டவணைகள் கிடைக்கின்றன. வரவேற்க வேண்டிய மாற்றம் இது. ஆயினும் 1544-இல் நிகழ்ந்த அதே வகைப் பிழை, சொல்லும் தமிழ், வாக்கியமும் தமிழ், பொருள் மட்டும் வேறு என்னும் பிழை, இத்தாள்களிலும் நிகழ்கின்றது. இங்கே அதன் விளைவு உடலில் தெரியும். ஆகவே மருத்துவத்தை இரு மொழியில் வெளியிடும் பொறுப்பை நம் முன்னோர் எவ்வாறு ஏற்றனர் என்று அறிவது பயனுடையது.

லிஸ்பனில் அச்சான தமிழ்

சவேரியாரின் கடிதத்துக்குப் பத்து ஆண்டு கழித்து, 1554-இல், போர்ச்சுகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சாயிற்று. அதில் தமிழ் வரிகள் ரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. தமிழ்ச் சொற்களுக்குச் சொல்லுக்குச் சொல் போர்த்துகீசியப் பொருளும் உடன் தரப்பட்டிருந்தது. தமிழாக்கத்தில் ஈடுபட்டவர்கள் வின்சென்ட் நாசரெத், ஜார்ஜ் கார்வாலோ, தோமா குரூஸ் என்ற போர்த்துகீசியப் பெயர்களைத் தாங்கிய தமிழர்கள். தமிழ் எழுத்துகளை வார்க்கும் கலை அப்போது கைவரவில்லை. கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" தமிழ் எழுத்திலேயே அச்சாவதற்கு 1578 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த லிஸ்பன் நூலில் நமக்குச் சுவையான செய்தி அதன் அமைப்பாகும். இரு மொழியும் ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால், ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்கூட மற்றதில் எந்தச் சொல் எங்கே நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். "வேணும்" போன்ற சொல் இருந்தால் அதன் அடியிலேயே அதன் பொருளும் நிற்கும், ஒளிந்துகொள்ள இயலாது. மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதற்கு இதைவிட எளிய கருவி இன்றும் இல்லை. தமிழ்த்தாளைத் தனியாகவும் ஆங்கிலத்தாளைத் தனியாகவும் அச்சிட்டு, ஒன்று ஒரு மேசையிலும் மற்றது வேறொரு மேசையிலும் கிடக்கும்படி விட்டுவிடுகிறோமே, அவ்வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

"தம்பிரான் வணக்கம்" நூலை ஆக்கிய ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் 1547-இல் இக்கரைக்கு வந்தவர். தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்திலுள்ள புன்னைக்காயல் அவருடைய பணிக்களம். இடையாள் வைத்துப் பேசுவதை விட்டு, தாமே தமிழ் கற்று, போர்த்துகீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். அதே புன்னைக்காயலில் 1550-களில் ஏழை எளியவர்க்கென ஒரு மருத்துவமனை நடந்தது. அதை ஏற்படுத்தியவரும் அவரே. இலக்கணமும் மருத்துவமனையும் ஒரே ஊரில், ஒரே மனிதரின் முயற்சியால் தோன்றியதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கிற்று, என்ன தின்றாய் என்று கேட்கவும், வரும் விடையைப் புரிந்துகொள்ளவும் வேண்டிய இடம் நோயாளரின் படுக்கையருகு. அங்கே இடையாளின் "ஏறத்தாழ" போதாது.

கடலுக்கு அப்பால்

மருத்துவ நூல்கள் தமிழில் முறையாக வெளிவந்த கதைக்கு நாம் மன்னார் வளைகுடாவைக் கடந்து செல்ல வேண்டும். முத்துக்குளிப்போருக்கு அது புதிய பயணமன்று. தூத்துக்குடிப் பார்களில் முத்து இல்லாத ஆண்டுகளில் இலங்கைக் கரையின் பார்களுக்கு அவர்கள் தோணியேறிச் செல்வது வழக்கம். அவ்வாறு பல்லாயிரவர் ஒரே மணற்பரப்பில் கூடிய முத்துக்குளிப்பு முகாம்களில், சுறாமீனைவிட அதிகமாக அஞ்சப்பட்டது வாந்திபேதி.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் "உதயதாரகை" என்ற இதழைத் தொடங்கியது. தமிழும் ஆங்கிலமும் ஒரே இதழில் வந்தன. அறிவியல் செய்திகளும் அதில் இடம்பெற்றன. இரு மொழி வாசிப்புக்கு இவ்வாறு பழகியிருந்த ஒரு சமூகத்துக்குத்தான் 1847-இல் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வந்து சேர்ந்தார்.

கிறீன் 1822-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து உஸ்டர் நகரில் பிறந்தவர். 1845-இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். யாழ்ப்பாணத்தை அடைந்தபோது அவருக்கு 25 வயது. 1848-இல் மானிப்பாயில் மருத்துவமனையை நடத்தத் தொடங்கி, அங்கேயே உள்ளூர் மாணவர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். முதலில் கற்பித்தது ஆங்கிலத்தில். சில ஆண்டுகளில் ஓர் உண்மை தெளிவாயிற்று. ஆங்கிலத்தில் படித்துத் தேர்ந்த இளைஞர், அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விட்டனர். கிராமத்து நோயாளர் பழையபடியே இருந்தனர். ஊர் மொழியில் படித்தவனே ஊரில் தங்குவான் என்று கிறீன் முடிவு செய்தார். 1857-இல் தாயகம் சென்று 1862-இல் திரும்பியபின், 1864 அளவில் பயிற்சியைத் தமிழுக்கு மாற்றினார்.

தமிழில் கற்பிக்க நூல் வேண்டுமே! அவர் அதற்கு முன்பே தொடங்கிவிட்டார். கட்டர் என்பவரின் உடற்கூறு, உடலியக்கம், சுகாதாரம் பற்றிய நூல் 1857-இல் தமிழில் வெளிவந்தது. அதே ஆண்டில் மான்செல் எழுதிய மகப்பேற்று நூல் "பிரசவ வைத்தியம்" ஆயிற்று. துரூயிட்டின் அறுவை மருத்துவ நூல் 1867-இல் "இரண வைத்தியம்" என வந்தது. இங்கிலாந்தில் 1858-இல் முதற்பதிப்பு கண்ட கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல், 1872-இல் "மனுஷ அங்காதிபாதம்" என்ற பெயரில் தமிழுக்கு வந்துவிட்டது. பதினான்கே ஆண்டுகள்! இன்று ஆங்கிலத்தில் வெளியாகும் ஒரு பெரிய மருத்துவ நூல் பதினான்கு ஆண்டில் தமிழுக்கு வருமா என்று நினைத்துப் பார்க்கலாம். அதே 1872-இல் "வைத்தியாகரம்", 1875-இல் "கெமிஸ்தம்", 1883-இல் "மனுஷ சுகரணம்" என வரிசை நீண்டது. மொத்தம் நான்காயிரம் பக்கங்களுக்கு மேல். "கெமிஸ்தம்" அச்சானது நம் கரையில், நாகர்கோவில் இலண்டன் மிஷன் அச்சுக்கூடத்தில் என்பது தென்தமிழ்நாட்டு வாசகர் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவற்றையெல்லாம் கிறீன் தனியே மொழிபெயர்த்தார் என்று எண்ணவேண்டாம். டான்போர்த், சாப்மன், பால் என்ற அவருடைய மாணவர்கள் மொழிபெயர்ப்பிற் பெரும்பங்கு ஏற்றனர். பெயரைப் பார்த்து அமெரிக்கர் என்று கருதிவிடக் கூடாது. இவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள். கல்விக்குப் பொருளுதவி செய்த அமெரிக்கர் பெயரை மாணவருக்குச் சூட்டுவது அக்கால மிஷன் பள்ளி வழக்கம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு மருத்துவமும் கற்றவர் எழுத, மருத்துவத்தில் தேர்ந்து தமிழும் கற்றவர் சரிபார்ப்பது என்னும் இந்த இரட்டை ஏற்பாடுதான் கிறீன் நூல்களின் வலிமை என்பது என் கருத்து. ஒருவரே இரண்டையும் செய்திருந்தால், தம் பிழையைத் தாமே படித்துச் சரி என்று தலையசைத்திருப்பார்.

கலைச்சொல்லுக்கு அவர் வகுத்த முறையும் எளியது. தமிழில் சொல் உண்டா என்று முதலில் தேடுக. இல்லையேல் வடமொழியில் தேடுக. அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கேற்ப மாற்றி, தமிழ் ஈறு சேர்த்து ஆளுக. "கெமிஸ்திரி" என்ற ஆங்கிலச் சொல் "கெமிஸ்தம்" ஆனது இம்மூன்றாம் விதியினால். இச்சொல்லை வகுப்பில் கூறினால் என் மாணவர் சிரிக்கின்றனர், சிரிக்கட்டும். இன்று நாம் வேதியியல் என்கிறோம். அங்காதிபாதம் உடற்கூற்றியல் ஆயிற்று. சுகரணம் உடலியங்கியல் ஆயிற்று. கிறீன் வடமொழியை அளவுக்கு மேல் நம்பினார் என்று குறை கூறுவோர் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஒரு மானிப்பாய் உழவருக்குச் "சுகரணம்" என்பது ஆங்கிலச் சொல்லைப் போலவே அந்நியமாகத்தான் ஒலித்திருக்கும். ஆயினும் தாம் பயன்படுத்திய சொல் எந்த ஆங்கிலச் சொல்லுக்கு நேர் என்பதை அவர் மறைக்கவில்லை. 1870-களில் ஆங்கிலம்–தமிழ் அருஞ்சொல் தொகுப்புகளை அச்சிட்டு வெளியிட்டார். எவரும் எடுத்துப் பார்த்து, இது பொருந்தாது என்று சொல்ல வழி இருந்தது. நூலின் சொற்கள் வழக்கொழிந்தன. ஆனால் வேறு சொல் இட்டவர்கள் எதற்குப் பதிலாக எதை இடுகிறோம் என்று அறிந்தே இட்டார்கள்.

1873-இல் உடல்நலம் குன்றி அமெரிக்கா திரும்பினார் கிறீன். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியை விடவில்லை. 1884 மே 28-இல் மறைந்தார். அவரிடம் பயின்றோர் அறுபதுக்கும் மேற்பட்டவர்.

ஒரு பெயர், பல பொருள்கள்

கிறீன் கலைச்சொல்லோடு போராடிய அதே காலத்தில், சென்னையில் முகைதீன் ஷெரீப் என்ற மருத்துவர் இன்னொரு சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தார். இந்திய மருந்து நூல் ஒன்று ஆங்கில அரசால் 1868-இல் வெளியிடப்பட்டது. அதிலுள்ள மூலிகையைக் கடையில் கேட்டு வாங்க வேண்டுமானால் உள்ளூர்ப் பெயர் தெரிய வேண்டும். ஆனால் ஒரே பெயரால் இரண்டு மூன்று செடிகள் விற்கப்படுகின்றன. ஒரே செடி ஊருக்கொரு பெயர் பெறுகிறது. ஷெரீப் பல இந்திய மொழிப் பெயர்களை ஒப்பிட்டு, எது சரியான பெயர், எது தவறாக வழங்குவது என்று பிரித்து, அந்நூலுக்கு ஒரு துணைநூலை 1869-இல் சென்னையில் வெளியிட்டார். அகராதியைப் பார்த்து எழுதியிருந்தால் அவருக்கு இவ்வளவு உழைப்பு தேவைப்பட்டிருக்காது. கடையில் அப்பெயரைச் சொன்னால் கடைக்காரர் எதை எடுத்துத் தருகிறார் என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் கலைச்சொல் முயற்சி வேகம் பெற்றது. 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ் அறிவியற் சொற்களுக்கென ஒரு கழகம் கண்டனர். 1936-இல் விபுலானந்த அடிகள் தலைமையில் சென்னையில் கலைச்சொல் மாநாடு கூடியது. அதன் பயனாக 1938-இல் "கலைச்சொற்கள்" என்னும் தொகுதி வெளிவந்தது. இவையெல்லாம் நாம் போற்ற வேண்டியவை. இவை பாடநூலுக்குச் சொல் தந்தன. நோயாளர் கையிற் கொடுக்கும் தாளுக்கு வேண்டியது ஷெரீப் தேடிய வகைச் சொல். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதாலேயே இன்றைய தாள்களில் இடர் வருகிறது.

சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். "பேதி" என்பது வயிற்றுப்போக்கு நோயைக் குறிக்கும். "பேதிக்குச் சாப்பிட்டேன்" என்று பாட்டி சொன்னால், வயிற்றைக் கழுவ மருந்து சாப்பிட்டேன் என்று பொருள். ஆகவே "பேதி மருந்து" என்ற தொடர், வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்தா, உண்டாக்கும் மருந்தா? நம் ஊர்ப்பக்கம் பலருக்கு அது இரண்டாவதுதான். "அம்மை" என்று மட்டும் எழுதினால் சின்னம்மையா, தட்டம்மையா? முன்னைய தலைமுறை அறிந்த பெரியம்மை உலகினின்றே ஒழிந்துவிட்டதாக 1980-இல் அறிவிக்கப்பட்டது. அதன் நினைவு மட்டும் அச்சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோதனை முடிவில் "நெகட்டிவ்" என்பதை "எதிர்மறை" என்று மொழிபெயர்க்கிறார்கள். அகராதிப்படி சரி. படிப்பவரோ முடிவு தமக்குப் பாதகமாக வந்துவிட்டதென்று கலங்குகிறார். "நோய்க்கிருமி காணப்படவில்லை" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்று சொல்கிறேன். ஆங்கிலத் தாளில் நீரிழிவு நோயாளர் சர்க்கரையைத் தவிர்க்க வேண்டும் என்று இருக்கும். தமிழ்த்தாளிலும் "சர்க்கரையைத் தவிர்க்கவும்" என்றே இருக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வெள்ளைச் சர்க்கரைக்குப் பெயர் சீனி. தாளைப் படித்தவர் சீனியை விட்டுவிட்டார். உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பியை நாளைக்கு நான்கு முறை குடிக்கிறார். கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்பது அவர் பிறந்தது முதல் கேட்டு வந்தது. தாளிலும் கருப்பட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோசுதான். இரத்தத்தில் அதன் வேலை மாறாது. இங்கே மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லையும் தவறாக எழுதவில்லை. ஆங்கில மூலம் கருப்பட்டி இல்லாத நாட்டில் எழுதப்பட்டது, அவ்வளவே. தமிழ்த்தாள் ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்த்திருக்க வேண்டும்.

உப்பும் நீரும்: ஒரு கணக்கு

பௌதிக ஆசிரியனுக்கு மிகவும் கவலை தருவது அளவைகள். வயிற்றுப்போக்கினால் உடல் இழக்கும் நீரை ஈடுசெய்யும் உப்பு–சர்க்கரைக் கரைசலை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் முறைப்படி, ஒரு லிட்டர் நீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளூக்கோசு 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், ஆக 20.5 கிராம். இக்கரைசலில் கரைந்துள்ள துகள்களின் செறிவு லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல். நம் இரத்தத்தில் அது ஏறத்தாழ 285. கரைசல் இரத்தத்தைவிடச் சற்று நீர்த்ததாக இருப்பதால், குடலிலிருந்து நீர் உடலுக்குள் எளிதிற் செல்கிறது. குளூக்கோசு சோடியத்தைக் குடற்சுவர் வழியே உடனழைத்துச் செல்ல, நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. முத்து முகாம்களில் மனிதரைக் கொன்று குவித்த வாந்திபேதிக்கு இந்த எளிய கரைசல் இன்று பெரும் காப்பாக விளங்குகிறது.

இப்போது தாளில் "ஒரு பாக்கெட்டை ஒரு டம்ளர் நீரில் கரைத்துக் கொடுக்கவும்" என்று அச்சாகியிருக்கிறது என்று கொள்வோம். கடைகளில் இருவகைப் பாக்கெட்டுகள் உண்டு. ஒன்று 200 மில்லி லிட்டருக்கானது. ஏறத்தாழ 4 கிராம் எடை. மற்றது முழு லிட்டருக்கானது. சிறியதற்கு அந்த வாக்கியம் சரி. பெரியதை ஒரு டம்ளரில், அதாவது 200 மில்லி லிட்டரில் கரைத்தால் என்ன ஆகும்? செறிவு ஐந்து மடங்கு: 245 × 5 = 1225. கடல்நீரின் செறிவு ஏறத்தாழ 1000 முதல் 1100 வரை. தாய் தன் குழந்தைக்குக் கொடுப்பது கடல்நீரைவிடச் செறிந்த கரைசல்! நீர் குடலிலிருந்து உடலுக்குள் போவதற்கு மாறாக, உடலிலிருந்து குடலுக்குள் இழுக்கப்படும். சோடியம் மட்டும் பார்த்தாலும், 75 மில்லிமோலாக இருக்க வேண்டியது 375 ஆகிறது; இரத்தத்தில் இருப்பது 140 அளவே. தாகத்துக்குக் கடல்நீர் குடித்தால் என்ன நேரும் என்பதை இக்கரையில் பிறந்த குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தாளில் எழுதியிருந்தால் நம்பிச் செய்துவிடுவோம்.

வீட்டிலேயே தயாரிப்பதானால் ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்பது முறை. ஆங்கிலத்தில் தேக்கரண்டிக்கு ஒரு சொல், மேசைக்கரண்டிக்கு வேறு சொல். முதலாவது 5 மில்லி லிட்டர், இரண்டாவது 15. தமிழில் வெறுமனே "கரண்டி" என்று எழுதிவிட்டால் மூன்று மடங்கு வேறுபாடு வந்துவிடுகிறது. நம் அடுக்களையில் கரண்டி என்பது குழம்பு ஊற்றுவது. அதை எடுத்துவிட்டால் மடங்கு கணக்கில் அடங்காது. உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடியில் இன்னொரு நுட்பமும் உண்டு. கல்லுப்புக்கும் தூளுப்புக்கும் கரண்டிக்குள் இடைவெளி வேறு. ஆகவே அதே கரண்டி அளவில் எடை வேறுபடும். "தூளுப்பு" என்று ஒரு சொல் சேர்த்து எழுதுவது பெரிய வேலையன்று.

இது தமிழுக்கு மட்டும் உள்ள தொல்லை என்று எண்ண வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு முறை என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் "ஒன்ஸ்" என்னும் சொல், எழுத்து மாறாமல் ஸ்பானிய மொழியில் பதினொன்றைக் குறிக்கும். ஸ்பானியச் சீட்டில் அச்சொல் ஆங்கிலத்திலேயே விடுபட்டுப்போனால், நோயாளர் பதினொரு முறை மருந்துண்ண நேரும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருந்துக்கடைகளில் கணினி மொழிபெயர்த்த ஸ்பானியச் சீட்டுகளைச் சோதித்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ பாதிச் சீட்டுகளில் பிழை கண்டது. 1980-இல் புளோரிடா மாநிலத்தில் மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்ட 18 வயது இளைஞர் ஒருவரைப் பற்றி, தின்ற ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்னும் பொருளில் உறவினர் ஸ்பானிய மொழியில் கூறிய ஒரு சொல், போதைப்பொருள் மயக்கம் என்று புரிந்துகொள்ளப்பட்டது. உண்மையில் அவருக்கு மூளையில் இரத்தக்கசிவு. அது தெரிவதற்குள் காலம் கடந்து, அவர் கைகால் அசைவற்றுப்போனார்.

சரிபார்ப்பது எப்படி?

பழைய அனுபவங்களை வைத்து நான் பரிந்துரைப்பது இதுதான். எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்பது கிறீனும் அவர் மாணவரும் காட்டிய வழி. சரிபார்ப்பவரிடம் ஆங்கில மூலத்தைக் காட்டாமல் தமிழை மட்டும் கொடுத்து, அதை மீண்டும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம். "வேணும்" போன்றவை அப்போது பிடிபட்டுவிடும். ஆனால் கருப்பட்டி பிடிபடாது. அதற்கு, தாளை யாருக்காக எழுதினோமோ அவரிடமே கொடுக்க வேண்டும். ஓர் உப்பளத் தொழிலாளியிடமோ மீன் விற்கும் அம்மாளிடமோ "புரிகிறதா?" என்று கேட்பதிற் பயனில்லை; மரியாதைக்காகப் புரிகிறது என்றே சொல்வார்கள். "இதைப் பார்த்து நீங்கள் என்ன செய்வீர்கள், ஒருமுறை செய்து காட்டுங்கள் அம்மா" என்று கேட்டால், எந்தப் பாக்கெட்டை எடுக்கிறார், எந்தப் பாத்திரத்தில் நீர் ஊற்றுகிறார், எந்தக் கரண்டியைத் தேடுகிறார் என்பது கண்ணுக்கெதிரே தெரிந்துவிடும். அரை மணி நேர வேலை.

இன்னொன்று, நாள். மேலே சொன்ன கரைசலுக்கு 2002-க்கு முன் இருந்த செறிவு 245 அன்று, 311. மருத்துவம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆங்கிலத் தாளைத் திருத்தி, தமிழ்த்தாளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஒரே மருத்துவமனை இரு மொழியினருக்கு இருவேறு மருத்துவம் சொல்கிறது என்றாகிவிடும். ஒவ்வொரு தாளின் அடியிலும் திருத்திய ஆண்டும் மாதமும், பார்வையிட்ட மருத்துவரின் பெயரும் இரு மொழியிலும் இருத்தல் வேண்டும். பிழை தெரிந்தபின் பழைய தாள்களை யார் யாரிடம் கொடுத்தோமோ அவர்களுக்கும் சொல்லியனுப்ப வேண்டும். சவேரியார் தம் கையிலிருந்த படியைத் திருத்திக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வேறு ஊரில் வேறொருவர் பழைய சொல்லையே சொல்லிக்கொண்டிருப்பாரே என்று எண்ணி, கடிதம் எழுதி, கரை வழியே ஆள் அனுப்பினார்.